வீட்டுச் சுவரைக் கொத்தும் மரங்கொத்தி: பொந்தை இப்போது அடைக்கலாமா?

வாசகி ஒருவர் மூன்று படங்களுடன் நீண்ட கடிதம் அனுப்பியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

மாடியின் வெளிச்சுவர் முழுக்க மரப்பலகை அடித்த சொந்த வீடு. வசந்தம் தொடங்கும்போது மரங்கொத்தி ஒன்று வந்து, மழைநீர் இறங்கும் தகரக் குழாயில் விடிந்தும் விடியாமலும் தடதடவென்று அடிக்க ஆரம்பித்தது. இரவு ஷிப்ட் முடித்து வரும் கணவர் கண்ணயரும் நேரம் அது. சில வாரங்களில் அந்தச் சத்தம் குறைந்தது, பலகைகள் சேதமாவது கூடியது. கூரை விளிம்புக்குக் கீழே இரண்டு அங்குல அகலத்தில் வட்டமான ஒரு பொந்து. ஜன்னலுக்கு மேலே வரிசையாகச் சின்னச் சின்னத் துளைகள். இன்னொரு பக்கத்துச் சுவரில், கூரை ஓரப் பலகையின் அடிப்புறம் நீளமாகப் பிய்ந்து கிடக்கிறது.

பிளாஸ்டிக் ஆந்தை வைத்துப் பார்த்திருக்கிறார், மிளகாய்த்தூள் கரைத்துத் தெளித்திருக்கிறார், அல்ட்ராசோனிக் கருவி வாங்கி மாட்டியிருக்கிறார். எதற்கும் பறவை மசியவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் ஏர்கன் தருகிறேன் என்கிறார். இன்னொருவர் பலகையில் பசை தடவச் சொல்கிறார். பூச்சிமருந்து அடிப்பவர், "மரங்கொத்தி வந்தாலே உள்ளே கரையான் இருக்கிறது, வீடு முழுக்க மருந்தடிக்க வேண்டும்" என்று பயமுறுத்திவிட்டுப் போயிருக்கிறார். பலகையை எல்லாம் கழற்றிவிட்டு வேறு ஏதாவது அடித்துவிடலாமா என்று கணவர் யோசிக்கிறார். கடிதத்தின் கடைசிப் பத்தி இது: "பொந்துக்குள்ளிருந்து கீச்சுக் கீச்சென்று சத்தம் வருவதாக மகள் சொல்கிறாள். எனக்குக் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆள் வைத்து சிமென்ட் போட்டு அடைக்கப் போகிறோம். சரிதானே?"

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஞாயிறு அருகில் இருப்பதால். பொந்தை இப்போது அடைக்காதீர்கள். மகள் சொல்வது சரியாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

உங்கள் கடிதத்திலேயே அதற்குச் சாட்சி இருக்கிறது. வசந்தத் தொடக்கத்தில் பலமாக இருந்த தடதடப்பு பிறகு குறைந்தது என்கிறீர்கள். இணை சேர்ந்து, கூடு அமைந்து, முட்டையிட்ட பிறகு மரங்கொத்திகள் அப்படித்தான் அடங்கும். அதன் பின் பலகையைப் பிய்ப்பது கூடியது என்றால், இரை தேடும் அவசரம் கூடியிருக்கிறது என்று பொருள். முதல் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பொந்தின் விளிம்பு கூர்மையாக இல்லை, பறவை போய்வந்து கீழ்ப்பக்கம் மழுங்கி அழுக்கேறியிருக்கிறது. தினமும் பல தடவை புழங்குகிற வாசல் அது.

உறுதி செய்துகொள்வது சுலபம். காலையில் தள்ளி நின்று, பறவையின் கண்ணில் படாமல், அரை மணி நேரம் பொந்தையே பாருங்கள். அலகில் பூச்சியோடு உள்ளே போய்ச் சற்று நேரத்தில் வெறும் அலகோடு வெளியே வந்தால் உள்ளே குஞ்சு இருக்கிறது. சில சமயம் வெள்ளையாக ஒரு சிறு பொட்டலத்தைக் கவ்விக்கொண்டு வெளியே பறக்கும். அது குஞ்சுகளின் எச்சம். தாய், தகப்பன் இரண்டுமே வந்துபோகும். ஏணி போட்டு ஏறி விரலை உள்ளே விட்டுப் பார்க்கும் வேலை மட்டும் வேண்டாம்.

குஞ்சு இருக்கும்போது அடைத்தால் அவை பசியில் சாகும். உங்கள் வீட்டுக்கும் அது நல்லதல்ல. செத்த குஞ்சுகள் சுவருக்குள் அழுகி நாற்றமெடுக்கும். வெளியே தவிக்கும் பெற்றோர், அடைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே பலகையை உடைக்கப் பார்க்கும். ஒரு ஓட்டை இரண்டாகும்.

எவ்வளவு நாள் பொறுக்க வேண்டும்? இனத்துக்கு இனம் கொஞ்சம் மாறும். பெரும்பாலான மரங்கொத்திகள் இரண்டு வாரம் போல அடைகாக்கும். பொரித்த குஞ்சுகள் மூன்றிலிருந்து நான்கு வாரத்துக்குள் பறந்துவிடும். வெளியே கேட்கும் அளவுக்குக் குஞ்சுகள் கத்துகின்றன என்றால் பாதி நாள் ஏற்கெனவே கடந்திருக்கும். சத்தம் நாளுக்கு நாள் பலக்கும், கடைசி நாட்களில் ஓயாமல் கேட்கும், பிறகு ஒரே நாளில் நின்றுவிடும். உங்களுக்கு மிஞ்சியிருப்பது சில வாரக் காத்திருப்புதான். கணவரின் தூக்கத்தை நினைத்தால் அதுவும் நீளமாகத் தெரியும், எனக்குப் புரிகிறது. அதனால்தான், காத்திருக்கும் நாட்களில் என்ன செய்யலாம் என்பதையும் கீழே எழுதுகிறேன்.

சட்டம் என்ன சொல்கிறது?

"என் வீடு, என் சுவர், நான் அடைக்கக் கூடாதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. உங்கள் சுவரைப் பாதுகாக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஆனால் குஞ்சோ முட்டையோ உள்ள கூட்டை அழிக்கும் உரிமை அதில் அடங்காது. அமெரிக்காவில் 1918-ஆம் ஆண்டின் வலசைப் பறவைகள் ஒப்பந்தச் சட்டம், பிரிட்டனில் 1981-ஆம் ஆண்டின் வனவிலங்கு மற்றும் நாட்டுப்புறச் சட்டம், இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் ஆகியவை மரங்கொத்திகளுக்குப் பாதுகாப்புத் தருகின்றன. ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் 1979-இல் கொண்டுவந்த பறவைகள் நெறிமுறையும் அப்படியே. கனடா இன்னும் ஒரு படி மேலே போகிறது. அங்கே பெரிய கொண்டை மரங்கொத்தி ஒன்றின் கூட்டுப் பொந்து காலியாக இருந்தாலும், அது காலி என்று அரசுக்குத் தெரிவித்து, அதன் பிறகு 36 மாதம் எந்த வலசைப் பறவையும் அதில் குடியேறாமல் இருந்தால்தான் அதை அகற்றலாம்.

இந்தச் சட்டங்களின் பொதுவான போக்கு இதுதான்: விரட்டலாம், அண்டவிடாமல் தடுக்கலாம். பிடிப்பது, கொல்வது, குடியிருக்கும் கூட்டைக் கலைப்பது ஆகியவற்றுக்கு அனுமதி வேண்டும். வேறு வழியெல்லாம் முயன்று பார்த்த பிறகுதான் அந்த அனுமதியும் கிடைக்கும். உங்கள் பகுதி வனத்துறை அல்லது வனவிலங்கு அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டு, பறவையின் படத்தைக் காட்டி, அங்குள்ள விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆகவே ஏர்கன் யோசனையை அப்படியே விட்டுவிடுங்கள். சட்டச் சிக்கலை விடுங்கள், வீடுகள் அடுத்தடுத்து இருக்கும் இடத்தில் மேல்நோக்கிச் சுடுவது யார் கண்ணையாவது கெடுக்கும். அந்தப் பறவை செத்தாலும் காலியான எல்லையை இன்னொன்று வந்து பிடிக்கும். உங்கள் பலகையில் அதை ஈர்த்தது எதுவோ அது அங்கேயேதான் இருக்கும். பசை விஷயத்தில் எனக்குக் கோபமே வருகிறது. ஒட்டும் பசை இறகில் பட்டால் பறவையால் பறக்கவும் முடியாது, உடல் சூட்டைக் காத்துக்கொள்ளவும் முடியாது. மெல்ல மெல்லச் சாகும். மரங்கொத்தி மட்டுமா? அந்தச் சுவரில் வந்து உட்காரும் எந்தச் சின்னப் பறவையும் அதில் மாட்டும். பலகையில் படியும் கறையும் போகாது. தயவுசெய்து தடவாதீர்கள்.

கொத்துவது மூன்று காரணத்துக்காக

உங்கள் வீட்டில் நடப்பதை நீங்கள் ஒரே தொல்லையாகப் பார்க்கிறீர்கள். என் கணக்கில் அவை மூன்று தனித்தனித் தொல்லைகள். இதுவரை செய்தது எதுவும் பலிக்காமல் போனதற்குப் பாதிக் காரணம் இதுதான். எதற்காகக் கொத்துகிறது என்று தெரியாமல் விரட்டினால் அது நாலடி தள்ளி உட்கார்ந்து கொத்தும்.

முதலாவது, தகரக் குழாயில் கேட்ட தடதடப்பு. அது இரை தேடும் வேலை அல்ல. மற்ற பறவைகள் பாடித் தன் எல்லையை அறிவிக்கும். மரங்கொத்தி அதைக் கொட்டு அடித்து அறிவிக்கும். இணையைக் கூப்பிடுவதும் அப்படியே. ஆண் மட்டுமல்ல, பல இனங்களில் பெண்ணும் அடிக்கும். நொடிக்குப் பத்துக்கும் மேற்பட்ட அடிகள், ஒன்றிரண்டு நொடியில் ஓய்ந்து, மறுபடியும் தொடங்கும். எது நன்றாக அதிருமோ அதைத்தான் தேர்ந்தெடுக்கும்: காய்ந்த கிளை, தகரக் குழாய், புகைபோக்கியின் மூடி, உள்ளே வெற்றிடம் உள்ள பலகை. எனவே மருந்தும் எளிது. அதிர்வைக் கொன்றுவிட வேண்டும். அது உட்காரும் இடத்தில் குழாயைச் சுற்றி ரப்பர் ஷீட்டோ தடிமனான ஃபோமோ வைத்து இறுக்கிக் கட்டுங்கள். "தொம் தொம்" என்று செத்த சத்தம் வந்தால் அதற்கு அந்த இடம் பயனில்லை. கூட்டிலிருந்து அந்தக் குழாய் தள்ளி, வேறு பக்கத்துச் சுவரில் இருப்பது படத்தில் தெரிகிறது. அதனால் இதை இன்றைக்கே செய்யலாம், கூட்டுக்கு இடைஞ்சல் இல்லை. கணவருக்குச் சீக்கிரம் நிம்மதி தருவதும் இதுதான்.

இவ்வளவு அடித்தால் அதற்குத் தலை வலிக்காதா, மூளை கலங்காதா என்று மகள் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அவளிடம் சொல்லுங்கள், வலிக்காது. மண்டையோடு அதிர்ச்சியை உறிஞ்சிவிடும் என்று நெடுநாள் நம்பினார்கள். ஆன்ட்வெர்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதிவேக வீடியோ எடுத்து 2022-இல் அது தவறு என்று காட்டினார்கள். மண்டையோடு உறிஞ்சுவதே இல்லை, விறைப்பான சுத்தியலாகவே வேலை செய்கிறது. உறிஞ்சினால் அடியின் வேகம் வீணாகியிருக்கும். மூளை அவ்வளவு சிறியது என்பதால்தான் அந்த வேகம் அதைப் பாதிப்பதில்லை.

இரண்டாவது, இரை தேடிப் பிய்ப்பது. உங்கள் மூன்றாவது படம்தான் எனக்கு அதிகம் சொல்லியது. பிய்ந்து கிடக்கும் பலகையின் அடிப்பக்கத்தில், சேதத்தின் ஒரு முனையில், பென்சிலைவிடக் கொஞ்சம் பெரிதாக, காம்பஸ் வைத்து வரைந்த மாதிரி ஒரு வட்டத் துளை. அதற்கு நேர் கீழே சுவரில் மஞ்சள் கறை வழிந்திருக்கிறது. மரங்கொத்தி போட்ட துளை அல்ல அது. தச்சுத் தேனீ என்று சொல்லும், மரத்தைக் குடையும் பெரிய கரிய தேனீ போட்டது. அது அரை அங்குல அகலத்தில் நேராக உள்ளே குடைந்து, பிறகு செங்குத்தாகத் திரும்பி, மரத்தின் இழைப்போக்கிலேயே சுரங்கம் போட்டு, அறை அறையாகத் தடுத்து முட்டையிடும். சுரங்கம் நிறையப் புழு. மரங்கொத்திக்கு இதைவிட நல்ல சாப்பாடு ஏது? சுரங்கம் போன வழியிலேயே பலகையைக் கிழித்துக்கொண்டு போயிருக்கிறது. நீளமான சேதத்துக்குக் காரணம் அது.

ஜன்னலுக்கு மேலே வரிசையாக உள்ள சிறு துளைகளும் இரைக்காகத்தான். ப்ளைவுட்டில் தாள் தாளாக ஒட்டும்போது நடுத்தாளில் இடைவெளி விட்டுப்போவது உண்டு. மேலே கோடு கோடாகப் பள்ளம் வெட்டிய ரகத்தில் அந்த இடைவெளிகள் வெளியே திறந்துகொள்ளும். பூச்சிகள் அதற்குள் அடையும். மரங்கொத்தி அந்த வரிசையிலேயே தட்டிப் பார்த்துக் கொத்திக்கொண்டு போகும்.

மூன்றாவது, குடியிருக்கக் குடைவது. கூரை விளிம்புக்குக் கீழே உள்ள வட்டப் பொந்து அது. அதைப் பற்றி மேலே சொல்லிவிட்டேன்.

அப்படியானால் கரையான்?

மரங்கொத்தி வந்தால் கரையான் இருக்கிறது என்பது பலரும் நம்புகிற கணக்கு, ஆனால் தப்பான கணக்கு. தச்சுத் தேனீ, இலைவெட்டித் தேனீ, வண்டுப் புழு, மரத்தில் கூடு கட்டும் பெரிய எறும்பு என்று எதைத் தேடியும் அது வரும். தடதடப்புக்கும் கூட்டுக்கும் பூச்சியே தேவையில்லை. கரையான் இருந்தால் அதற்குத் தனி அடையாளங்கள் உண்டு: அஸ்திவாரத்திலோ சுவர் ஓரத்திலோ மண் பூசிய குழல்கள், ஜன்னல் ஓரத்தில் உதிர்ந்த சிறகுகள், ஸ்க்ரூடிரைவர் முனையால் குத்தினால் பொலபொலவென்று உள்வாங்கும் மரம். நீங்கள் அனுப்பிய மூன்று படங்களில் இவை எதுவும் இல்லை. இருந்தாலும் ஒரு முறை வீட்டைச் சுற்றி வந்து பார்த்துவிடுங்கள். சந்தேகமாக இருந்தால், மருந்தடிக்கும் காண்ட்ராக்டில் லாபம் இல்லாத ஒருவரை வைத்துப் பரிசோதியுங்கள்.

வீடு முழுக்க மருந்தடிக்க இப்போது சம்மதிக்காதீர்கள். எந்தப் பூச்சியைக் கொல்கிறோம் என்று தெரியாமல் அடிக்கும் மருந்து பெரும்பாலும் வீண். மேலும் பெற்றோர் பறவைகள் அந்தச் சுவரிலிருந்து எடுக்கும் புழுக்களைத்தான் குஞ்சுகளுக்கு ஊட்டுகின்றன.

நீங்கள் முயன்றவை ஏன் பலிக்கவில்லை

மிளகாய்க் கரைசல் நமக்கு எரியும், அணிலுக்கு எரியும், பறவைக்கு எரியாது. காரத்தை உணரும் நரம்பு ஏற்பி பறவைகளில் மிளகாயின் காரப் பொருளுக்குப் பதில் கொடுப்பதில்லை. காட்டு மிளகாயைப் பறவைகள் தாராளமாகத் தின்று விதை பரப்புவது அதனால்தான். அல்ட்ராசோனிக் கருவியும் இதே கதை. மனிதக் காதுக்கு எட்டாத உச்ச ஒலி பறவைக் காதுக்கும் எட்டாது. பார்க்கப்போனால் பெரும்பாலான பறவைகளின் கேள்வி வரம்பு நம்முடையதைவிடக் குறைவு. கருவியைத் திருப்பிக் கொடுக்க முடிந்தால் கொடுத்துவிடுங்கள். அந்துருண்டை கட்டச் சொல்பவர்களும் வருவார்கள். திறந்த வெளியில் அதனால் பயனில்லை, அதன் ஆவி குழந்தைக்கு ஆகாது.

பிளாஸ்டிக் ஆந்தை முதல் சில நாட்கள் வேலை செய்யும். அசையாத ஆந்தையைப் பறவை சீக்கிரம் புரிந்துகொள்ளும். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் வீடுகளிலேயே ஆறு வழிகளைச் சோதித்து 2007-இல் முடிவை வெளியிட்டார்கள்: காகிதச் சிறகு கட்டிய பிளாஸ்டிக் ஆந்தை, பளபளக்கும் நாடாக்கள், நூலில் தொங்கும் பிளாஸ்டிக் கண்கள், தங்கும் பெட்டி, கொழுப்புத் தீனி வைக்கும் கூடு, மரங்கொத்தியின் அபாயக் குரலும் பருந்தின் குரலும் ஒலிக்கும் ஸ்பீக்கர். ஆந்தையும் ஸ்பீக்கரும் முதலில் பலித்துப் பிறகு மங்கிவிட்டன. ஓரளவு நம்பத்தக்கதாகத் தேறியது பளபளக்கும் நாடா மட்டும்தான். அதுவும் சோதித்த வீடுகளில் ஏறத்தாழ பாதியில்தான் பறவையை முழுதாக விரட்டியது.

உங்களைத் தேற்றுவதற்காக ஒன்று சொல்கிறேன். 1995 வசந்தத்தில் அமெரிக்காவின் டிஸ்கவரி விண்கலம் ஏவுதளத்தில் தயாராக நின்றபோது, ஃப்ளிக்கர் என்ற மரங்கொத்தி இனப் பறவைகள் அதன் எரிபொருள் தொட்டியின் ஃபோம் உறையில் ஏறக்குறைய இருநூறு ஓட்டை போட்டுவிட்டன. ஜூனில் கிளம்ப வேண்டிய கலத்தைத் திரும்ப உள்ளே கொண்டுபோய்ப் பழுதுபார்த்து, ஜூலை 13-இல்தான் ஏவினார்கள். அதன் பிறகு அவர்களும் பிளாஸ்டிக் ஆந்தை, கண் வரைந்த பலூன், ஹாரன் என்று நீங்கள் போன வழியிலேயே போனார்கள். கூடவே காவலுக்கு ஆளும் வைத்தார்கள். ஆகவே உங்கள் கெட்டிக்காரத்தனத்தில் குறை ஒன்றும் இல்லை.

இப்போது என்ன செய்யலாம், பிறகு என்ன செய்யலாம்

குஞ்சுகள் பறக்கும் வரை பொந்து உள்ள சுவரைத் தொடாதீர்கள். நாடாவோ வலையோ அங்கே வேண்டாம். பெற்றோர் மிரண்டு கூட்டைக் கைவிட்டுவிடும். மற்றச் சுவர்களில் தாராளமாகச் செய்யலாம். பிய்ந்த ஓரப் பலகையின் மேல் ஒரு தகரத் துண்டை அடித்து மூடுங்கள். அந்தச் சுவரில் பளபளக்கும் நாடாவை ஒரு மீட்டர் நீளத்துக்கு வெட்டி, கூரை விளிம்பிலிருந்து ஓரடிக்கு ஒன்றாகத் தொங்கவிடுங்கள். கீழ்முனையைக் கட்டாதீர்கள், காற்றில் சுழன்று மினுக்க வேண்டும். சில நாளைக்கு ஒரு முறை இடம் மாற்றுங்கள். பறவை ஒரு இடத்தில் பழகிய பிறகு விரட்டுவது கடினம், முதல் கொத்திலேயே விரட்டுவது எளிது. ஆகவே இனி எந்தப் பலகையில் புதிய சிராய்ப்பைப் பார்த்தாலும் அன்றைக்கே நாடா தொங்க வேண்டும்.

குஞ்சுகள் போன பிறகு பொந்தை அடையுங்கள், ஆனால் சிமென்ட் வேண்டாம். சிமென்டும் மரமும் ஒட்டாது. மரம் ஈரத்தில் விரிந்து வெயிலில் சுருங்கும்போது நடுவில் வெடிப்பு விழும், வெடிப்பில் தண்ணீர் இறங்கும், சுற்றியுள்ள பலகையும் சேர்ந்து மக்கும். சத்தம் நின்று இரண்டு மூன்று நாள் பொறுத்து, நடுப்பகலில் டார்ச் அடித்தோ போன் கேமராவை நீட்டியோ உள்ளே எதுவும் இல்லை என்று உறுதி செய்யுங்கள். சாயங்காலம் செய்யாதீர்கள், இரவு தங்க வரும் பறவை உள்ளே மாட்டிக்கொள்ளலாம். சுவருக்குள் வெப்பம் தடுக்க அடைத்த பஞ்சு ஈரமாகிக் கிடந்தாலோ கூட்டுக் குப்பை இருந்தாலோ எடுத்துவிட்டு, சரியான அளவில் மரத்துண்டு செருகி, இடுக்கில் மரப் பட்டி பூசி, மேலே ஒரு தகடு அடித்து, அதன் மேல் பெயின்ட் அடியுங்கள். பின்னால் வெற்றிடம் இருந்தால் அதை நிரப்பிவிட்டு மூடுங்கள். தட்டினால் பொள்ளென்று ஒலிக்கும் பலகை அதைத் திரும்ப அழைக்கும்.

தச்சுத் தேனீத் துளைகளை இலையுதிர் காலத்தில், உள்ளே எதுவும் இல்லை என்று பார்த்த பிறகு, மரக்குச்சி அடித்துப் பட்டி பூசி மூடலாம். அந்தத் தேனீக்கள் பெயின்ட் அடிக்காத மரத்தையே விரும்பும். மரத்தில் ஊறி நிறம் மட்டும் தரும் ஸ்டெயின் போதாது. உங்கள் ஓரப் பலகையில் இருப்பது ஸ்டெயின்தான் என்று நினைக்கிறேன். நல்ல பெயின்ட் இரண்டு கோட்டிங் அடித்தால் தேனீயும் குறையும், அதைத் தேடி வரும் பறவையும் குறையும். நிறம் தேர்ந்தெடுக்கும்போது மரக்கலரும் பழுப்பும் தவிர்த்து வெளிர் நிறமாகப் பாருங்கள். கார்னெல் ஆய்வாளர்கள் கணக்கெடுத்ததில் இயற்கை மர நிற வீடுகளே அதிகம் சேதமாகியிருந்தன.

நிச்சயமான பாதுகாப்பு என்று நான் சொல்வது வலை ஒன்றைத்தான். முக்கால் அங்குலக் கண்ணி உள்ள நைலான் வலை எடுத்து, கூரை விளிம்பின் வெளிப்புறத்தில் கட்டி, சுவரின் கீழ்ப்பகுதிவரை இறக்கி இழுத்துக் கட்டுங்கள். வலைக்கும் பலகைக்கும் நடுவே எந்த இடத்திலும் மூன்று அங்குலத்துக்குக் குறையக் கூடாது. குறைந்தால் வலையில் தொற்றிக்கொண்டே கொத்தும். பக்கவாட்டுகளை இடைவெளி இல்லாமல் மூடுங்கள், இல்லையென்றால் பின்னால் புகுந்த பறவை சிக்கிச் சாகும். தூரத்திலிருந்து பார்த்தால் வலை இருப்பதே அவ்வளவாகத் தெரியாது.

மொத்தப் பலகையையும் மாற்றும் யோசனை எனக்குச் சரியாகப் படவில்லை. சேதம் மூன்று இடங்களில்தான். செங்கல், உலோகத் தகடு, ஃபைபர் சிமென்ட் ஆகியவற்றை மரங்கொத்தி அவ்வளவாகத் தொடாது என்பது உண்மை. ஆனால் வெப்பம் தடுக்க தெர்மாகோல் பலகை ஒட்டி மேலே மெல்லிசாகப் பூசும் சுவர் இருக்கிறதே, அதை மாற்றுவழியாக யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஜெர்மனியிலும் சுற்றியுள்ள நாடுகளிலும் பெரிய புள்ளி மரங்கொத்திகள் அந்தப் பூச்சைத் துளைத்து தெர்மாகோலில் பொந்து குடைவது வீட்டுக்காரர்களுக்குத் தீராத தலைவலி. தட்டினால் உள்ளே செத்த மரம் போல ஒலிப்பதுதான் காரணம்.

காப்பீடு பற்றிக் கேட்டிருந்தீர்கள். பல வீட்டுக் காப்பீட்டு ஒப்பந்தங்களில் பறவை, எலி, பூச்சி செய்யும் சேதம் விலக்குப் பட்டியலில் இருக்கும். உங்கள் பாலிசியில் அந்தப் பகுதியைத் தேடிப் படியுங்கள். ஓட்டை வழியாக மழைநீர் இறங்கி உள்சுவர் கெட்டால் அதை வேறு தலைப்பில் பார்ப்பார்களா என்று எழுத்து மூலம் கேளுங்கள். இப்போதுள்ள சேதத்தை அளவுகோல் வைத்துப் படம் எடுத்துத் தேதியோடு வைத்திருங்கள்.

மகள் பெட்டிக்கூடு வைக்க ஆசைப்படுகிறாள் என்றால் வைக்கட்டும். வீட்டிலிருந்து தள்ளி ஒரு மரத்தில், உள்ளே மரச்சீவல் நிரப்பி மாட்டுங்கள். அதனால் சுவர் தப்பிக்கும் என்று மட்டும் எண்ண வேண்டாம். மேலே சொன்ன கார்னெல் சோதனையில் பெட்டிகள் கைகொடுக்கவில்லை. தோட்டத்து ஓரத்தில் பட்டமரம் இருந்து, அது வீட்டின் மேல் விழும் ஆபத்து இல்லை என்றால் வெட்டாதீர்கள். மரங்கொத்தி குடைந்துவிட்டுப் போகும் பொந்துகளில்தான் ஆந்தையும் பல சின்னப் பறவைகளும் அடுத்த ஆண்டு குடியேறும், தாமாகக் குடைய அவற்றால் முடியாது.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. குஞ்சுகள் போனதோடு இந்த ஆண்டுக் கணக்கு முடியாது. கோடை முடிவிலும் இலையுதிர் காலத்திலும் குளிருக்கு ஒதுங்க மறுபடியும் பொந்து குடையும் பழக்கம் மரங்கொத்திகளுக்கு உண்டு. அதனால் பொந்து அடைப்பது, பெயின்ட், வலை மூன்றையும் கோடைக்குள்ளேயே முடித்துவிடுங்கள். வலை கட்டிய பிறகு வாரம் ஒரு முறை நாலு ஓரமும் சுற்றிப் பாருங்கள், எங்காவது தொய்ந்திருந்தால் அன்றே இழுத்துக் கட்டுங்கள். பொந்துக்குள் யார் என்று காலையில் பார்த்துவிட்டு எனக்கும் ஒரு வரி எழுதுங்கள். பறவையின் முதுகும் தலையும் தெரிகிற படம் ஒன்று கிடைத்தால் எந்த இனம், இன்னும் எத்தனை நாள் என்று இதைவிடத் துல்லியமாகச் சொல்கிறேன்.